பத்தனைப் புல்வெளியில் கிடக்கும் வெள்ளைச் சில்லு: கல்லாயுதமா, சும்மா கல்லா?

கேள்வி – 11 பெப்ரவரி 2023

அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தோட்டத்தில் தேயிலை கவ்வாத்து முடிந்த மலையில் கான் (வடிகால்) திருத்தும்போது ஒரு பிடி வெள்ளைக்கல் சில்லுகள் வந்தன. எல்லாம் கூர். ஒன்று அம்புமுனை மாதிரியே முக்கோணம். பலாங்கொடை மனிதனின், அதாவது இலங்கையின் ஆதிமனிதனின், ஆயுதம்தான் என்று நான் அடித்துச் சொல்கிறேன். சல்லிக்கல்லைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்று அப்பா திட்டுகிறார். ஏழு படம் போட்டிருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

11 பெப்ரவரி, இரவு

தம்பி, ஏழு படமும் பார்த்தேன். ஒன்று முதல் ஐந்து வரை ஆயுதம் இல்லை. அந்த முக்கோணமும் சேர்த்துத்தான். ஆறாவது கல்லே இல்லை என்று நினைக்கிறேன். ஏழாவதை மட்டும் திரும்பப் படம் எடுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழட்டும், பக்கத்தில் அளவு தெரிய அடிமட்டம் இருக்கட்டும். உள்ளங்கையில் வைத்து ஃபிளாஷ் அடித்தால் எந்தக் கல்லும் நிலாத் துண்டாகத்தான் தெரியும்.

அப்பாவோடு சண்டை வேண்டாம். ஏழில் ஐந்துக்கு அவர் சொன்னது சரி.

12 பெப்ரவரி

"முக்கோணம் எப்படி ஆயுதம் இல்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் மலைகளில் வெள்ளைக்கல் தானாக உடைந்தாலே முக்கோணம்தான் விழும். அதனுள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. வெயில், மழை, வேர் எது பட்டாலும் அந்த வழியாகப் பிளக்கும். வெளிவடிவத்தைப் பார்த்து ஆயுதம் என்று சொல்வதென்றால் ஊவாவில் பாதி மலையைக் கொழும்பு அருங்காட்சியகத்துக்கு ஏற்ற வேண்டியதுதான். பார்க்க வேண்டியது உடைந்த முகத்தை.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: அது குவார்ட்ஸ்தானா, அதாவது ஆதிமனிதர் கருவி செய்த வெள்ளைக்கல்தானா? உங்கள் படம் 2, படம் 4 இரண்டும் பெல்ட்ஸ்பார் என்ற வேறு கனிமம். முகம் தட்டையாக, ஒரு கோணத்தில் திருப்பினால் முழுசாகப் பளிச்சிடுகிறது பாருங்கள். படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து தட்டையாக உடைந்திருக்கிறது, மூலைகள் கிட்டத்தட்டச் செங்கோணம். குவார்ட்ஸ் அப்படித் தளம் தளமாகப் பிளக்காது. உடைந்த முகம் கோணல்மாணலாக, கொஞ்சம் எண்ணெய் பூசிய மினுக்கோடு இருக்கும்.

அடுத்த ஏமாற்றுக்காரன் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. இதைக் கத்தி கீறும். குவார்ட்ஸைக் கத்தி கீறாது, குவார்ட்ஸ்தான் போத்தல் கண்ணாடியைக் கீறும். தேசிக்காய்ச் சாறு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும் என்று சொல்வார்கள். நம் பக்கத்துப் பாறைகளில் மக்னீசியம் கலந்தவையும் உண்டு, அவை சாற்றுக்கு அசையாது. அதனால் கத்தியை நம்புங்கள்.

12 பெப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

மேலே சொன்ன கீறல் சோதனை, அதே மலையில் கிடக்கும் வேறு சாதாரணக் கல்லுக்கு. சந்தேகத்துக்குரிய கல்லின் விளிம்பைப் போத்தலில் தேய்த்துவிடாதீர்கள். அந்த விளிம்பில்தான் விஷயம் இருக்கிறது.

14 பெப்ரவரி

சரி, மனிதன் அடித்து உடைத்த சில்லு எப்படி இருக்கும்? புத்தகத்தில் போட்டிருப்பதை முதலில் சொல்கிறேன், அப்புறம் அது நம் ஊரில் ஏன் பாதிதான் செல்லும் என்று சொல்கிறேன்.

செர்ட் போன்ற நுண்மையான கல்லை இன்னொரு கல்லால் ஓரத்தில் அடித்தால் ஒரு சில்லு கழன்று விழும். அடி விழுந்த இடம் சில்லின் தலையில் ஒரு சிறு மேடையாக மிஞ்சும். அதற்குக் கீழே, உள்முகத்தில், மெல்லிய புடைப்பு ஒன்று இருக்கும். புடைப்பிலிருந்து வளைவளைவாக அலைக்கோடுகள் கீழே இறங்கும். வெளிமுகத்தில், இதற்கு முன்னால் கழன்ற சில்லுகளின் தழும்புகள் பள்ளமாகத் தெரியும். உள்முகம் ஒரே வழுவழுப்பு, வெளிமுகம் பல தழும்பு: இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் நின்று பார்க்கலாம். தழும்புகள் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வந்திருந்தால் உட்கார்ந்தே பார்க்கலாம்.

இப்போது சிக்கல். இலங்கையில் கிடைக்கும் பழைய கற்கருவிகளில் பெரும்பகுதி குவார்ட்ஸ், செர்ட் குறைவு. குவார்ட்ஸில் அந்தப் புடைப்பு பல நேரம் வராது, வந்தாலும் தடவித்தான் தெரிய வேண்டும். அலைக்கோடும் அப்படித்தான். அடித்தவுடன் சில்லு நடுவில் இரண்டாகப் பிளப்பதும் உண்டு, நுனி பறப்பதும் உண்டு. ஐரோப்பியத் தீக்கல் படங்களைப் பார்த்துப் படித்துவிட்டு மலைக்குப் போகிறவர் உண்மையான குவார்ட்ஸ் சில்லைத் தாண்டிப் போவார், குண்டு மாதிரி அழகாக இருக்கும் ஆற்றுக் கல்லைப் பையில் போடுவார். அந்தப் படங்கள் கெட்டவை என்று சொல்லவில்லை. அவை வேறு கல்லுக்கு எழுதியவை.

14 பெப்ரவரி, இரவு

ஆறாவது படத்துக்கு விடை வந்துவிட்டது. மின்கம்ப வேலை பார்த்த அண்ணன் ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: பழைய பீங்கான் இன்சுலேட்டர் துண்டு. புடைப்பு, அலைக்கோடு எல்லாம் அதில் அச்சொட்டாக இருப்பதற்கு அதுதான் காரணம். புத்தகப் படத்தோடு ஒத்துப்போகிறதே என்று அதைத்தான் நீங்கள் முதல் பரிசாக நினைத்திருந்தீர்கள், இல்லையா?

17 பெப்ரவரி

"ரோட்டுக் கல்லை எப்படி அடையாளம் காண்பது?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எங்கள் அப்பா ரோட்டு வேலைக்குக் கல்லுடைத்தவர். கியூப் கணக்கில் கூலி. பழைய டயர் வளையத்துக்குள் கல்லை வைத்துச் சுத்தியலால் தட்டுவார். பாடசாலை விட்டு வந்தால் நாங்கள் சல்லியைக் குவிக்க வேண்டும். அந்தக் குவியல்தான் எனக்கு முதல் பாடம்.

இரும்புச் சுத்தியல் பட்ட இடத்தில் வெள்ளையாக நசுங்கிய ஒரு புள்ளி இருக்கும், அதிலிருந்து சுற்றிலும் சிறு வெடிப்புகள் நட்சத்திரமாகப் போகும். சில கல்லில் சாம்பல் நிறத்தில் இரும்பு தீற்றிய கோடு விழும். மழை பட்டால் அது துருப்பிடித்து மண்ணிறமாகும். மண் கிண்டும் இரும்பு முள்ளு குத்தியதும் அலவாங்கு இடறியதும் இதே தீற்றலைத்தான் விடும். தேயிலை மலையில் எடுத்த கல்லில் மண்ணிறக் கீற்று தெரிந்தால் ஆதிமனிதனை மறந்துவிட்டு, முள்ளு குத்தியது யார் என்று கேளுங்கள்.

சல்லிக்கல் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே பருமன். பெரும்பாலும் கருங்கல். அப்பா வெள்ளைக்கல்லை விரும்பமாட்டார், தெறித்துக் கையைக் கிழிக்கும் என்பார். ஆனால் கருங்கல்லுக்குள்ளேயே வெள்ளை நரம்பு ஓடும் அல்லவா, அது கூடவே வந்துவிடும். பழைய ரோட்டோரம், பாலத்தடி, ரயில் பாதைச் சரிவு எல்லாமே இதில் சந்தேக இடங்கள். பண்டாரவளைக்கு ரயில் வந்தது 1894-இல், பதுளைக்கு 1924-இல். அத்தனை காலமாகப் பாதைக்குக் கொட்டிய கல் சரிவில் உருண்டுகொண்டுதான் இருக்கிறது.

லயத்துக்குப் பின்னால் எடுத்த "ஆதிகால அரைக்கும் கல்" ஒன்றையும் ஒருவர் காட்டியிருந்தார். அண்ணே, அது உடைந்த அம்மி. கொத்தின தழும்பு வரிசை வரிசையாக இருக்கிறது. வீட்டில் கேட்டால் யார் உடைத்தது என்றுகூடச் சொல்வார்கள்.

19 பெப்ரவரி

மழை. படம் ஏழு இன்னும் வரவில்லை.

23 பெப்ரவரி

படிப்பதைவிட உடைத்துப் பார்ப்பது நல்லது. தொல்லியல் படித்த தோழி ஒருத்தி எனக்குக் காட்டித் தந்த வழி இது. ரோட்டோரக் குவாரியிலிருந்து கோழிமுட்டை அளவு வெள்ளைக்கல் ஒன்றும், உள்ளங்கையில் அடங்கும் ஆற்றுக்கல் ஒன்றும் எடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், வெளியே காற்றில் இருந்து செய்யுங்கள். இந்தத் தூசு நெஞ்சில் போனால் வெளியே வராது. கல்லுடைத்தவர்கள் வீட்டில் வளர்ந்த எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் கையில் பிடித்தபடி ஓரத்தில் அடித்துப் பாருங்கள். பெரிய கல்லில் இது சரிவரும். கல் சின்னதாகிவிட்டால் பிடிக்க இடம் இருக்காது. அப்போது தரையில் ஒரு தட்டைக் கல்லை வைத்து, அதன்மேல் வெள்ளைக்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, உச்சியில் தட்டுங்கள். மேலே சுத்தியல் கல், கீழே பட்டடைக் கல்: அடி இரண்டு முனையிலிருந்தும் ஏறும். கல் பூண்டுப் பல் பிரிகிற மாதிரி நெடுக்காகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முனையும் நசுங்கியிருக்கும்.

இந்த இரு முனை நசுங்கல்தான் குவார்ட்ஸ் ஊரில் தேட வேண்டிய முக்கிய அடையாளம். புடைப்பைத் தேடி நேரத்தை வீணாக்குவதைவிட இது மேல். புலத்சிங்களப் பக்கம் இருக்கும் பாஹியன் குகையில் கிடைத்த, சுமார் 48,000 ஆண்டுக்கு முந்திய நுண்கருவிகளுக்கும் குவார்ட்ஸை இப்படிப் பட்டடையில் வைத்து உடைத்திருக்கிறார்கள். சின்னக் கூழாங்கல்லிலிருந்து கூர்விளிம்பு எடுக்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்று: குவியலைப் பாருங்கள். ஒரு கல்லை உடைத்தால் பயன்படக்கூடிய சில்லு கொஞ்சம், குப்பை நிறைய. பழைய ஆட்கள் உட்கார்ந்து உடைத்த இடத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும். நல்ல கருவி ஒன்று தனியாக, குப்பையே இல்லாமல், பத்தனை நடுவில் கிடந்தால் எனக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் வரும்.

23 பெப்ரவரி, பின்குறிப்பு

உடைத்த குப்பையை மலையில் கொட்டாதீர்கள்! நாளைக்கு வேறொருவர் எடுத்து இதே கேள்வியைக் கேட்பார். கல்லுடைத்துப் பழகுகிறவர்கள் குப்பையைக் குழியில் புதைக்கும்போது கூடவே புது நாணயம் ஒன்றைப் போடுவார்கள், தோண்டுகிறவருக்கு ஆண்டு தெரியட்டும் என்று. சோடா மூடி போட்டாலும் சரி.

26 பெப்ரவரி

"கண்ணாடியிலும் கருவி செய்வார்களாமே?" என்று கேட்டவருக்கு: செய்வார்கள். உலகத்தில் பல இடங்களில் போத்தல் வந்த பிறகு கல்லை விட்டுவிட்டுப் போத்தலின் அடித்தட்டை உடைத்துக் கத்தி செய்திருக்கிறார்கள். கண்ணாடி புடைப்பையும் அலையையும் அப்படியே காட்டும், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் நம் தோட்டத்துக் கானில் கிடைக்கும் பச்சைக் கண்ணாடிச் சில்லு சம்பள நாள் கலாசாரத்தைச் சேர்ந்தது. அதற்கு அகழாய்வு தேவையில்லை.

2 மார்ச்

பேச்சு எங்கெங்கோ போகிறது. கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி, "உங்கள் மலையில் மட்டும்தானா, எங்கள் பக்கம் இல்லையா?" என்று கோபமாகக் கேட்கிறார். இருக்கிறது தம்பி, உங்களிடம் இருப்பது எங்களுடையதைவிடப் பழையதாகவும் இருக்கலாம். இரணைமடுப் பெயரிலேயே ஒரு மண்படிவத்தை ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள்: மேலே செம்மண், அடியில் பரல். அந்தப் படிவங்களில் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. தெற்கே பூந்தலப் பக்கம் பத்திராஜவெலவில் இதே வகைப் படிவத்தில் கிடைத்தவற்றுக்குச் சுமார் 125,000 ஆண்டு என்று தொல்லியலாளர் சிரான் தெரணியகல கணித்தார்.

நம் மலைநாட்டுக் கதை வேறு விதம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மஸ்கெலியா, நாவலப்பிட்டிப் பக்கம் வெள்ளைக்கல் சில்லுகளைப் பொறுக்கி இது மனிதக் கை என்று சொன்னவர்களில் ஒருவர் ஜோன் போல் என்ற தோட்டத்துரை, இன்னொருவர் பூச்சிகளை ஆராய்ந்த ஈ.ஈ. கிரீன். பண்டாரவளைக் குன்றுகளில் ஹார்ட்லி என்பவர் தோண்டி, விரல்நகம் அளவுள்ள கருவிகளைப் பற்றி 1914-இல் எழுதினார். 1940-இல் நூன் என்ற பெயருடைய இருவரும் பண்டாரவளைக் கருவிகளைப் பற்றி எழுதினார்கள். ஆக, நீங்கள் நிற்பது புதிய இடமில்லை, நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த இடம்.

துரைமார் கண்ணில் அது பட்டதற்குக் காரணம் காடு வெட்டி, மண் திறந்து, கான் தோண்டியது. தோண்டியவர்கள் யார் என்று இந்த இடத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தக் கைகளில் எத்தனை சில்லு வந்து போயிருக்கும், எத்தனையைக் கீழே வீசியிருப்பார்கள்! கட்டுரைகளில் அவர்கள் பெயர் இருக்காது. இது ஆராய்ச்சியில் வராத என் சொந்த எரிச்சல், கடந்து போங்கள்.

3 மார்ச்

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன், உங்கள் கான் விஷயத்துக்கு அதுதான் முக்கியம்.

கோப்பிக் காலத்திலிருந்து இந்தச் சரிவுகளை வெட்டுகிறோம், திருத்துகிறோம், மண் அணை கட்டுகிறோம், நிரவுகிறோம். மேலே இருந்த மண் கீழே வந்து, கீழே இருந்தது ஆற்றுக்குப் போய்விட்டது. கானில் ஒரு சில்லு கிடைத்தால் அது அங்கே செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. மேலே எங்கிருந்தோ உருண்டு வந்தது. அதனால் கானைத் தோண்டாதீர்கள், கானுக்கு மேலே நடங்கள். எங்கள் பக்கத்தில் பார்த்தவரைக்கும், தேயிலை ஏறாத மொட்டைக் குன்றின் தலை, பாறை ஒதுக்கின் வாசல், தண்ணீரும் தூரக் காட்சியும் கிடைக்கும் முனை, இந்த மூன்றிலும்தான் சில்லுகள் கூட்டமாக இருக்கின்றன. பத்தனையில் மண் கழுவிப்போன செம்மண் திட்டு இருந்தால் குனியக்கூட வேண்டாம், நின்றபடியே தெரியும்.

இந்தச் சில்லுகளைச் செய்த ஆதிமனிதர்கள் மலைக்கு மட்டும் சொந்தக்காரர்கள் இல்லை. ஹோர்ட்டன் சமவெளிக் குளிரிலும் இருந்திருக்கிறார்கள், கித்துல்கல பெலிலென, குருவிட்ட பட்டதொம்பலென போன்ற மழைக்காட்டுக் குகைகளிலும் இருந்திருக்கிறார்கள், மன்னார், வில்பத்து வெயிலிலும் இருந்திருக்கிறார்கள். குரங்கு, மரஅணில் வேட்டை, காட்டுக் கொட்டை, மரநத்தை எல்லாம் சாப்பாடு. ஈட்டிமுனை, அம்புமுனை என்று நாம் கற்பனை செய்கிற பெரிய கல்லைவிட, சின்ன எலும்பு முனைகளும் சின்னக் கல் சில்லுகளும்தான் அவர்களுக்கு உதவின.

8 மார்ச்

படம் ஏழு வந்துவிட்டது. ஆறுதலாக எழுதுகிறேன், பரீட்சைத் தாள் கிடக்கிறது.

9 மார்ச்

தெளிவான குவார்ட்ஸ், கிட்டத்தட்டக் கண்ணாடி. அடிமட்டப்படி இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒரு விளிம்பு நேராக, மெல்லியதாக, கூராக இருக்கிறது. எதிர் விளிம்பு பிறை மாதிரி வளைந்து, தடிப்பாக, மொட்டையாக இருக்கிறது. நீங்கள் கூர்ப்பக்கத்தை அம்பு போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பக்கத்தில் அவ்வளவு அக்கறை இல்லை. குவார்ட்ஸ் எப்படி உடைந்தாலும் கூர் வரும், அது ஒன்றுக்கும் சாட்சி இல்லை. மொட்டைப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சின்னச் சின்னத் தழும்புகள், ஒன்றை ஒன்று தொட்டபடி, முனையிலிருந்து முனைவரை, எல்லாம் ஒரே முகத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே அளவில். யாரோ வேண்டுமென்றே அந்த ஓரத்தைக் கொத்தி மழுக்கியிருக்கிறார்கள்.

ஏன் மழுக்க வேண்டும்? இந்தச் சில்லைத் தனியாகக் கையில் பிடித்து வெட்டுவதில்லை. மரத்திலோ எலும்பிலோ ஒரு பள்ளம் எடுத்து, பிசின் வைத்து, மொட்டைப் பக்கம் உள்ளே போகும்படி பதிப்பார்கள். கூர் இருந்தால் பள்ளம் பிளந்துவிடும், பிசினும் பிடிக்காது. பிறை, முக்கோணம், சரிவகம் என்று 4 சென்டிமீட்டருக்கும் குறைவான இந்தக் கேத்திரகணித வடிவங்கள்தான் பலாங்கொடைக் கலாசாரத்தின் முத்திரை. ஐரோப்பாவில் இவை பரவலானதற்குப் பல ஆயிரம் ஆண்டு முன்பே இங்கே இருந்தன.

மிதிபட்டும் விளிம்பு உடையும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், சரியான எச்சரிக்கை. மாடு, சப்பாத்து, முள்ளு எல்லாம் விளிம்பைக் கடிக்கும். ஆனால் அந்தக் கடிகள் அங்கொன்றும் இங்கொன்றும், இரண்டு முகத்திலும், பெரிசும் சின்னதுமாக விழும். மெல்லிய பக்கம்தான் முதலில் போகும். உங்களுடையதில் மெல்லிய பக்கம் முழுசாக இருக்கிறது, தடித்த பக்கம்தான் வேலை செய்யப்பட்டிருக்கிறது. காலுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

என் கணிப்பு: ஆம், பிறைவடிவ நுண்கருவி. படத்தை வைத்துச் சொல்வது இவ்வளவுதான். கையில் வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும்.

அப்பாவிடம் மார்தட்டுவதற்கு முன்னால்: அது கானில் எடுத்ததில்லை, வேறொரு இடத்தில், மேலே குன்றின் தலையில் எடுத்தது என்று படத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். கானில் வந்ததெல்லாம் சல்லிதான்.

9 மார்ச், இரவு

"இன்னும் இருக்கும், சனிக்கிழமை நண்பர்களோடு போய்த் தோண்டப் போகிறேன்." தம்பி, வேண்டாம். இதில் நான் விளையாடவில்லை.

1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1815 மார்ச் 2-ஆம் திகதிக்கு முந்திய பொருள் தொல்பொருள் என்பது அதன் கணக்கு. கண்டி ஒப்பந்த நாள் அது. அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். கண்டுபிடித்தால் அறிவிப்பது கடமை. மண்வெட்டியோடு நான்கு இளைஞர்கள் குன்றில் நின்றால் பொலிசுக்குப் புதையல் கேஸாகத்தான் தெரியும், நுண்கருவி பற்றி அங்கே வகுப்பெடுக்க முடியாது. ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காவில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

சட்டத்தை விடுங்கள். அந்தக் குன்றின் பெறுமதி சில்லுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில், எந்த மண்ணில், எந்தக் கரியோடு கிடக்கின்றன என்பதில் இருக்கிறது. கரி கிடைத்தால் காலம் சொல்லலாம். தோண்டிப் பையில் போட்டால் உங்களிடம் மிஞ்சுவது ஒரு பை வெள்ளைக்கல். உங்கள் அப்பா சொன்னது அப்போது முழுக்க உண்மையாகிவிடும்.

செய்ய வேண்டியது: எடுத்த இடத்தை ஃபோன் வரைபடத்தில் குறியுங்கள். குன்றைத் தூரத்திலிருந்து ஒரு படம், தரையை நேராக மேலிருந்து ஒரு படம், அடிமட்டத்தோடு. மற்றதை அப்படியே விடுங்கள். படம் ஏழைக் கழுவாதீர்கள், பல்துலக்கியால் தேய்க்காதீர்கள். விளிம்பில் ஒட்டிய பிசினோ மாவுச்சத்தோ இருந்தால் ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்க முடியும். தனிக் காகித உறையில் போட்டு, திகதியும் இடமும் எழுதி, கிராம சேவகரிடம் சொல்லி, தொல்பொருள் திணைக்களத்தின் உங்கள் பக்கத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். நான் ஒரு தடவை ஓர் அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போனபோது அப்படி யாரும் வந்ததாகவே அவர்களுக்கு நினைவில்லை.

15 மார்ச்

விலை கேட்டவருக்கு: இல்லை. விற்கவும் முடியாது, வாங்கவும் கூடாது. இணையத்தில் "பலாங்கொடை மனிதன் கோடரி" என்று பளபளக்கும் பச்சைக் கல்லைக் காட்டுகிறார்களே, அதன் வழுவழுப்பு சாணை இயந்திரத்தின் வழுவழுப்பு. விளிம்பைச் சுற்றி ஒரே சீரான கோடு ஓடுகிறது பாருங்கள்.

உண்மையானதைப் பார்க்க வேண்டுமா, கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அல்லது இரத்தினபுரியில் எஹெலப்பொல வளவில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு. போகும்போது எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள் இருப்பவை சின்னவை, வெள்ளை, பார்த்தவுடன் "இதுவா?" என்று கேட்கத் தோன்றும். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போகிறார்கள். நீங்கள் நின்று, மொட்டைப் பக்கத்தைத் தேடுங்கள்.

28 மார்ச்

சக ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: பாடசாலையில் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு தொகுப்பு வைக்கலாமா? பழைய சில்லுகளை வைக்கக் கூடாது. நாமே உடைத்ததை வைக்கலாம், அதுதான் நல்லதும்கூட. ஐந்து பெட்டி போதும்: குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், சுண்ணாம்புக்கல், சுத்தியல் பட்ட சல்லி, பட்டடையில் வைத்து உடைத்த சில்லு. கூடவே ஒரு பீங்கான் இன்சுலேட்டர் துண்டு, போத்தல் அடித்தட்டு ஒன்று. பிள்ளைகள் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பார்த்து எது எது என்று எழுதட்டும். கூரான துண்டுகள், அதனால் சின்ன வகுப்புக்கு வேண்டாம், ஒன்பதாம் ஆண்டுக்கு மேல் சரி. ஒவ்வொரு துண்டிலும் அழியாத மையால் ஆண்டை எழுதிவிடுங்கள். பாடசாலைச் சாமான் எப்படியும் ஒருநாள் மைதானத்துக்குப் போய்விடும்.